கேளுங்க சொல்றோம்: அமெரிக்க அதிபர் தேர்தலும் மினசோட்டாவோட விவசாயி-தொழிலாளி கட்சியும்

அமெரிக்காவுல மாநிலக் கட்சிங்க அதிபர் தேர்தல்ல என்ன பண்ணுதுன்னு கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததுல முக்காவாசி மினசோட்டாவைச் சுத்தியே இருந்ததால இந்தத் தடவை முழுக்க அந்த ஒரு மாநிலம்தான்.

கேள்வி: கமலா ஹாரிஸ் நின்னப்போ துளசேந்திரபுரத்துல பேனர் வச்சு பூஜை பண்ணதெல்லாம் எங்க ஏரியாவுல பெரிய பேச்சு சார். அவங்க கூட துணை அதிபருக்கு நின்ன, அப்போ மினசோட்டா கவர்னரா இருந்த டிம் வால்ஸ் பத்தி படிக்கும்போது கட்சிங்கற இடத்துல டெமாக்ரடிக்-ஃபார்மர்-லேபர்னு போட்டிருந்துச்சு. அது தனிக்கட்சியா, கூட்டணியா?
(வாசகி, மன்னார்குடி)

பதில்: தனிக்கட்சியும் இல்ல கூட்டணியும் இல்லம்மா, டெமாக்ரடிக் கட்சிக்கு மினசோட்டாவுல பேரே அதுதான், சுருக்கமா டி.எஃப்.எல். ஓட்டுச்சீட்டுலயும் அப்படித்தான் அச்சடிப்பாங்க. பக்கத்து மாநிலம் நார்த் டகோட்டாவுலயும் இதே மாதிரி டெமாக்ரடிக்-நான்பார்ட்டிசன் லீக்னு ஒண்ணு இருக்கு. 1944 வரைக்கும் மினசோட்டாவுல டெமாக்ரட் ஒரு கட்சி, ஃபார்மர்-லேபர் ஒரு கட்சி, ரெண்டும் எதிரெதிரா நின்னு மோதிக்கிட்டு இருந்துச்சு. அதுல பெரிய கட்சி எதுன்னு பாத்தீங்கன்னா டெமாக்ரட் இல்ல, ஃபார்மர்-லேபர்தான். 1924 அதிபர் தேர்தல்ல டெமாக்ரட் வேட்பாளருக்கு மினசோட்டாவுல 7 சதவீத ஓட்டு கூட விழல. அந்த நிலைமையில இருந்த கட்சிதான் இன்னைக்கு தொடர்ந்து 13 அதிபர் தேர்தல்ல அந்த மாநிலத்தை ஜெயிச்சு வச்சிருக்கு, 1972-க்கு அப்புறம் ஒரு ரிபப்ளிகன் கூட அங்க ஜெயிக்கல. டெமாக்ரட் பக்கம் வேற எந்த மாநிலத்துக்கும் இப்போ இவ்ளோ நீளமான தொடர்ச்சி கிடையாது.

கேள்வி: விவசாயிங்களே கட்சி ஆரம்பிச்சு ஆட்சியையும் புடிச்சாங்கன்னு சொன்னா நம்பவே முடியல. இங்க கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம்னு சொல்லி கழிச்சா அதைத் தட்டிக் கேக்கவே நாங்க படாத பாடு படறோம்.
(டெல்டா விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: பாதி பதில் உங்க கேள்வியிலயே இருக்குங்க ஐயா, அந்தக் கட்சி பொறந்ததும் இதே கழிவுல இருந்துதான். அது கோதுமை விளையுற சீமை. விவசாயி மூட்டையை வண்டியில ஏத்திக்கிட்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிற தானியக் கிடங்குக்குப் போவாரு, அங்க இருக்கிற ஆளு கையில ஒரு பிடி அள்ளிப் பாத்துட்டு இது ரெண்டாம் தரம், தூசிக்கு இவ்ளோ கழிவு, ஈரத்துக்கு இவ்ளோ கழிவுன்னு ஒரு விலை சொல்வாரு. கட்டுப்படியாகலைன்னு வேற இடத்துக்குப் போகலாம்னா அந்தக் கிடங்கும் பெரும்பாலும் அதே முதலாளிங்களோடதுதான். ரெண்டாம் தரம்னு உள்ள போன கோதுமை வெளிய வரும்போது முதல் தரமா வந்துச்சு, கிடங்குக்கு வந்த முதல் தர கோதுமையை விட வெளிய வித்த முதல் தர கோதுமை அதிகம்னு விசாரணையிலயே அம்பலமாச்சு. கிடங்கு, மாவு மில்லு, ரயிலு, கடன் குடுக்கிற பேங்க் எல்லாமே மினியாபொலிஸ்ல இருந்த கொஞ்சம் பேரு கையில இருந்துச்சு.

1915-ல நார்த் டகோட்டாவுல ஏ.சி. டவுன்லின்னு ஒருத்தர், விவசாயம் பண்ணி நொடிச்சுப் போனவர், நான்பார்ட்டிசன் லீக்னு ஒரு சங்கத்தைத் தொடங்கினாரு. ஆளுங்க ஃபோர்டு கார்ல பண்ணை பண்ணையா போய் களத்துமேட்டுலயே நின்னு பேசி சந்தா வாங்கினாங்க. கிடங்கையும் மில்லையும் பேங்கையும் அரசாங்கமே நடத்தணும், இதுதான் கோரிக்கை. அப்போ ஆரம்பிச்ச பேங்க் ஆஃப் நார்த் டகோட்டா இன்னைக்கு வரைக்கும் அரசாங்க பேங்க்காவே ஓடிக்கிட்டு இருக்கு.

லீக் மினசோட்டாவுக்குள்ள வந்த நேரம் முதல் உலகப்போர் நேரம். போரை எதிர்க்கிறவன் தேசத்துரோகின்னு முத்திரை குத்தி ஊர் ஊரா கூட்டம் போடவே விடல. 1918-ல சார்லஸ் லிண்ட்பெர்க், பின்னாடி அட்லாண்டிக்கைத் தனியா விமானத்துல தாண்டினாரே அவரோட அப்பா, லீக் ஆதரவோட ரிபப்ளிகன் கட்சிக்குள்ளயே கவர்னர் சீட்டுக்கு மோதினாரு, அவர் உருவ பொம்மையை தூக்குல தொங்க விட்டாங்க, ஊரை விட்டே துரத்தினாங்க. தோத்துட்டாரு. அந்த வருஷ நவம்பர் தேர்தல்லதான் லீக்கும் நகரத்துத் தொழிற்சங்கங்களும் சேந்து தனியா ஆளை நிறுத்தினாங்க, ஓட்டுச்சீட்டுல ஒரு கட்சிப் பேரு வேணுமேன்னு ஃபார்மர்-லேபர்னு போட்டாங்க. நாலே வருஷம், 1922-ல ஹென்ரிக் ஷிப்ஸ்டெட்ங்கற பல் டாக்டர் இந்தக் கட்சியில செனட்டர் ஆயிட்டாரு.

ஆட்சின்னு சொல்றது 1931-ல கவர்னரான ஃப்ளாய்ட் ஓல்சனை. (அங்க கவர்னர்ங்கறவர் மக்கள் ஓட்டு போட்டு வர்றவர், நம்ம முதலமைச்சர் மாதிரி அதிகாரம்.) பெரும் பொருளாதார நெருக்கடி, கடன் கட்ட முடியாம நிலம் நிலமா ஏலத்துக்குப் போகுது. 1933-ல அந்த ஏலத்தைத் தள்ளிப் போட சட்டம் கொண்டு வந்தாரு, கடன் குடுத்தவங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 5-க்கு 4-ன்னு சட்டம் தப்பிச்சுது. 1934 ஜூலை 20-ஆம் தேதி மினியாபொலிஸ் லாரி தொழிலாளர் ஸ்ட்ரைக்ல போலீஸ் சுட்டதுல 2 பேர் செத்தாங்க, 67 பேருக்கு காயம். ஓல்சன் ராணுவச் சட்டம் போட்டாரு, தொழிலாளி ஆபீஸ்லயும் சோதனை நடந்துச்சு முதலாளி சங்கத்து ஆபீஸ்லயும் நடந்துச்சு, கடைசியில தொழிற்சங்கம் ஜெயிச்சுது. 1936-ல கேன்சர்ல போயிட்டாரு, பதவியில இருக்கும்போதே. அவர் போனதும் கட்சிக்குள்ள கோஷ்டி சண்டை, 1938-ல ரிபப்ளிகன்கிட்ட படுதோல்வி.

கேள்வி: சண்டை போட்டுக்கிட்டு இருந்த ரெண்டு கட்சியும் எப்படி ஒண்ணா சேந்துச்சு? யார் விட்டுக் குடுத்தது?
(வாசகர், ஈரோடு)

பதில்: ரெண்டு பேருமே தோத்துக்கிட்டு இருந்தாங்க, அதுதான் முதல் காரணம். டெமாக்ரட்னா பெரும்பாலும் செயின்ட் பால் நகரத்து ஐரிஷ் கத்தோலிக்கர்கள், ஃபார்மர்-லேபர்னா நார்வே சுவீடன்ல இருந்து வந்த லூத்தரன் விவசாயிங்க, சுரங்கத் தொழிலாளிங்க, மினியாபொலிஸ் சங்கத்துக்காரங்க. ஓட்டு ரெண்டா பிரிஞ்சு ரிபப்ளிகன் சுலபமா ஜெயிச்சுக்கிட்டு இருந்தாங்க.

அதிபர் தேர்தல்தான் இவங்களை ஒரே ரூமுக்குள்ள உக்கார வச்சுது. 1944-ல ரூஸ்வெல்ட் நாலாவது தடவை நிக்கிறாரு, மினசோட்டாவோட 11 எலெக்டோரல் ஓட்டு (அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கியிருக்கிற ஓட்டு) கைவிட்டுப் போயிடுமோன்னு டெமாக்ரட் மேலிடத்துக்குப் பயம். 1943-ல மினியாபொலிஸ் மேயர் தேர்தல்ல தோத்திருந்த ஹ்யூபர்ட் ஹம்ப்ரிங்கற இளைஞர், ரெண்டு கட்சியும் சேந்தாதான் விடிவுன்னு வாஷிங்டன் வரைக்கும் போய் பேசிட்டு வந்திருந்தாரு. 1944 ஏப்ரல்ல இணைப்பு முடிஞ்சுது, நவம்பர்ல ரூஸ்வெல்ட் மினசோட்டாவை ஜெயிச்சாரு. யார் விட்டுக் குடுத்ததுன்னு கேட்டீங்க, டெமாக்ரட் பக்கம் டெல்லி மாதிரி ஒரு மேலிடமும் அதிபரும் இருந்தாரு, ஃபார்மர்-லேபர் பக்கம் தொண்டரும் ஓட்டும் இருந்துச்சு, ரெண்டும் பாதிப்பாதி விட்டுக் குடுத்து டெமாக்ரடிக், ஃபார்மர், லேபர்ங்கற மூணு வார்த்தையையும் கட்சிப் பேருல ஒண்ணா வச்சுக்கிட்டாங்க. ஆனா சேந்த நாலு வருஷத்துக்குள்ள உள்ளுக்குள்ள பெரிய மோதல் வந்துச்சு. பழைய ஃபார்மர்-லேபர் இடதுசாரிங்க 1948-ல முன்னாள் துணை அதிபர் ஹென்றி வாலஸோட தனிக்கட்சிக்கு ஆதரவா நின்னாங்க, கம்யூனிஸ்ட் எதிர்ப்பு தாராளவாதிகளான ஹம்ப்ரி கோஷ்டி வார்டு வார்டா ஆளைத் திரட்டிக் கட்சியைக் கைப்பத்திடுச்சு. கட்சியை உண்டாக்கினதே விவசாயி-தொழிலாளி இயக்கம், அதுல முன்னாடி நின்ன நிறைய பேர் வெளிய போக வேண்டியதாச்சு. இணைப்பைப் பத்தி பெருமையா எழுதறவங்க இதை ஒரு வரியில தாண்டிடறது எனக்கு சரியா படல.

கேள்வி: ஹம்ப்ரி 1948-ல பேசின பேச்சை எங்க ப்ரொஃபசர் கிளாஸ்ல சொன்னாரு. ஒரு மேயர் பேசின பேச்சுல அப்படி என்ன இருக்கு?
(கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: தம்பி, அமெரிக்க கட்சி அரசியல்ல ஒரு மாநிலத்து ஆளுங்க நாட்டோட திசையை மாத்தின இடம்னு ஒண்ணைக் காட்டச் சொன்னா நான் இதைத்தான் காட்டுவேன்.

அப்போ டெமாக்ரடிக் கட்சின்னா தெற்கு மாநிலங்கள் மொத்தமும் அவங்க கோட்டை, அங்க கறுப்பின மக்கள் ஓட்டுப் போட முடியாது, பஸ்ல சேந்து உக்கார முடியாது, அதை மாத்தணும்னு கட்சி மேடையில எவனும் பேச மாட்டான். 1948 ஜூலை, பிலடெல்பியாவுல தேசிய மாநாடு. ட்ரூமன் அதிபர், எப்படியும் தோக்கப் போறாருன்னு எல்லாரும் முடிவு கட்டியிருந்த நேரம், தெற்கைக் கோபப்படுத்தக் கூடாதுன்னு சிவில் உரிமை பத்தி மேலோட்டமா ரெண்டு வரி எழுதி வச்சிருந்தாங்க தீர்மானத்துல. ஹம்ப்ரிக்கு 37 வயசு, மேயரா வந்து மூணு வருஷம், அதே வருஷம் செனட்டுக்கும் நிக்கிறாரு. மேடை ஏறினா எதிர்காலமே போயிடும்னு கட்சிப் பெரியவங்க எச்சரிச்சாங்க. ஏறினாரு. பேச்சு பத்து நிமிஷம் கூட இல்ல, மாநில உரிமைங்கற நிழல்ல இருந்து மனித உரிமைங்கற வெயிலுக்குள்ள இந்தக் கட்சி நடந்து வர்ற நேரம் வந்தாச்சுன்னு சொன்னாரு. ஓட்டெடுப்பு நடந்துச்சு, 651½-க்கு 582½. பலமான தீர்மானம் ஜெயிச்சுது. மிசிசிப்பி பிரதிநிதிங்க மொத்தமும் அலபாமா ஆளுங்கள்ல பாதி பேரும் எழுந்து வெளிநடப்பு பண்ணாங்க, சவுத் கரோலினா கவர்னர் ஸ்ட்ராம் தர்மண்ட் தலைமையில தனிக்கட்சி கட்டி நாலு மாநிலத்தையும் 39 எலெக்டோரல் ஓட்டையும் புடிச்சாங்க. அப்படியும் ட்ரூமன் ஜெயிச்சாரு, ஹம்ப்ரியும் செனட்டர் ஆனாரு. மாநாடு முடிஞ்சு ரெண்டே வாரத்துல ராணுவத்துல நிறப் பாகுபாட்டை ஒழிக்கிற உத்தரவுல ட்ரூமன் கையெழுத்துப் போட்டாரு.

ஹம்ப்ரி சும்மா மேடைக்காகப் பேசினவர் இல்ல. மினியாபொலிஸ்ல யூதர்களுக்கு வேலை கிடைக்காது, கிளப்புல சேத்துக்க மாட்டாங்க, அந்தளவுக்கு வெறுப்பு இருந்த ஊரு. மேயரானதும் வேலைக்கு எடுக்கறதுல பாகுபாடு காட்டினா குற்றம்னு நகராட்சி சட்டமே போட்டுட்டுத்தான் பிலடெல்பியாவுக்குப் போனாரு. 1964 சிவில் உரிமைச் சட்டத்தை செனட்ல வாரக்கணக்கா நின்னு நிறைவேத்த வச்சதும் அவர்தான்.

கேள்வி: அப்படிப்பட்ட ஹம்ப்ரி ஏன் அதிபர் ஆகல?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: 1960-ல கென்னடிகிட்ட விஸ்கான்சின், வெஸ்ட் வர்ஜீனியா பிரைமரியில (கட்சி வேட்பாளர் யாருன்னு மக்களே ஓட்டுப் போட்டு சொல்ற தேர்தல்) தோத்தாரு, கென்னடி குடும்பத்துப் பணத்தோட மோத முடியல. 1964-ல அதிபர் ஜான்சன் அவரைத் துணை அதிபரா எடுத்துக்கிட்டாரு, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை வச்சாரு. மிசிசிப்பியில இருந்து ஃபேனி லூ ஹேமர் மாதிரி கறுப்பின ஆளுங்க, எங்களை வெளிய தள்ளிட்டு வந்த வெள்ளைக்காரப் பிரதிநிதிங்களை உக்கார வைக்காதீங்கன்னு மாநாட்டுல நியாயம் கேட்டு நின்னாங்க. சமாதானம் பேசப் போனது ஹம்ப்ரியும் அப்போ மினசோட்டா அட்டர்னி ஜெனரலா இருந்த வால்டர் மொண்டேலும். ரெண்டே ரெண்டு சீட்டு தர்றோம்னாங்க, ரெண்டு சீட்டுக்காக இவ்ளோ தூரம் வரலைன்னு ஹேமர் முகத்துக்கு நேரா மறுத்துட்டாங்க. 1948-ல வெயிலுக்கு வரச் சொன்ன அதே ஆளு இங்க இப்படி நின்னது என்னால இன்னைக்கும் ஏத்துக்க முடியாத விஷயம். பாகுபாடு காட்டுற மாநிலக் கட்சியை அடுத்த மாநாட்டுல சேக்க மாட்டோம்னு அந்தப் பேச்சுவார்த்தையில ஒரு விதி வந்துச்சு, 1968-ல மிசிசிப்பியோட பழைய கோஷ்டியை நிஜமாவே வெளிய நிறுத்தினாங்க, அது உண்மையான பலன்தான்.

அப்புறம் வியட்நாம். துணை அதிபரா இருந்துக்கிட்டு ஜான்சன் போரை எதிர்க்க முடியல. எதிர்த்து நின்னது யாருன்னு பாருங்க, அதே மினசோட்டா, அதே டி.எஃப்.எல்., செனட்டர் யூஜின் மெக்கார்த்தி. 1968 மார்ச் 12, நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரி, பதவியில இருக்கிற அதிபருக்கு 49 சதவீதம் மெக்கார்த்திக்கு 42. மாசக் கடைசியில ஜான்சன் நான் நிக்கலைன்னு அறிவிச்சுட்டாரு. சொந்த மாநிலத்து காகஸ்லயே (கட்சிக்காரங்க ஏரியா ஏரியாவா கூடற கூட்டம்) நகரப் பகுதி நிறைய இடத்துல மெக்கார்த்தி ஆளுங்க வந்துட்டாங்க, ஒரே தெருவுல அப்பா ஹம்ப்ரி பக்கம், காலேஜ் போற பையன் மெக்கார்த்தி பக்கம். ஹம்ப்ரி ஒரு பிரைமரியில கூட போட்டி போடாம மாநிலக் கட்சித் தலைவருங்க தயவுல வேட்பாளர் ஆனாரு, வெளிய, மாநாடு நடந்த சிகாகோ தெருவுல போரை எதிர்த்து வந்தவங்களுக்கு போலீஸ் அடி. நவம்பர்ல நிக்சன்கிட்ட ஒரு சதவீதத்துக்கும் கம்மி வித்தியாசத்துல தோத்தாரு.

இதுல இன்னொரு மினசோட்டா ஆளு உண்டு, அதிகம் யாரும் பேசறதில்ல. வேட்பாளரை தலைவருங்க பின்ரூம்ல முடிவு பண்ணக் கூடாதுன்னு விதியை மாத்தி எழுத ஒரு கமிஷன் போட்டாங்க, மெக்கவர்ன்-ஃப்ரேசர் கமிஷன்னு பேரு, அந்த ஃப்ரேசர் மினியாபொலிஸ் எம்.பி. டான் ஃப்ரேசர், டி.எஃப்.எல். காரர். இன்னைக்கு நாம டிவியில பாக்கற பிரைமரி, பிரதிநிதி எண்ணிக்கை எல்லாம் அந்தக் கமிஷன் போட்ட விதியில இருந்து வளந்ததுதான். ஹம்ப்ரி பிரைமரியில நிக்காமலே வேட்பாளர் ஆனாரு, அந்த வழியை அடைச்சது அவரோட மாநிலக் கட்சிக்காரரே.

கேள்வி: காகஸ் காகஸ்னு சொல்றீங்களே, அங்க நிஜமா என்னதான் நடக்கும்?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: பிப்ரவரி இல்லன்னா மார்ச் மாசம், நல்ல பனி, சாயங்காலம் ஏழு மணிக்கு ஏரியா ஸ்கூல் கிளாஸ் ரூம்ல கூடுவாங்க. ஒரு வாக்குச்சாவடி ஏரியாவுக்கு ஒரு ரூம். வாசல்ல கையெழுத்து, சின்னப் பசங்க பெஞ்சுல பெரியவங்க முட்டியை மடக்கி உக்காந்திருப்பாங்க, துண்டுச்சீட்டுல வேட்பாளர் பேரு எழுதிப் போடுவாங்க. அப்புறம் யாரு வேணா எழுந்து கட்சி கொள்கையில இதைச் சேக்கணும்னு தீர்மானம் படிக்கலாம், அங்கயே கை தூக்கி ஓட்டெடுப்பு. அடுத்த மட்டத்து மாநாட்டுக்கு பிரதிநிதி தேர்ந்தெடுக்கறதும் அங்கதான். மேல் மாநாட்டுல இன்னொரு முறை உண்டு, ஒரு வேட்பாளரோ ஒரு கோரிக்கையோ எழுதின அட்டையைத் தூக்கிக்கிட்டு ஒருத்தர் நிப்பாரு, பிடிச்சவங்க அவர் பின்னாடி போய் நிக்கணும், கூட்டம் பத்தலைன்னா அந்த அட்டையை கீழ போட்டுட்டு வேற குழுவோட சேரணும். மாநில மாநாட்டுல கட்சியோட ஆதரவு கிடைக்க 60 சதவீதம் வேணும், கிடைக்கிற வரைக்கும் சுத்து சுத்தா ஓட்டெடுப்பு ராத்திரி வரைக்கும் போகும்.

காகஸ் அன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஸ்கூல்ல வேற நிகழ்ச்சி வைக்கக் கூடாதுன்னு அந்த மாநிலத்துல சட்டமே இருக்கு. முன்கூட்டியே எழுதிக் குடுத்தா வேலையில இருந்து லீவு எடுத்துட்டும் போகலாம், முதலாளி தண்டிக்க முடியாது. கட்சிக் கூட்டத்துக்குப் போறதை ஒரு குடிமக்கள் உரிமையா சட்டத்துல எழுதி வச்சிருக்காங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது.

அதிபர் விஷயத்துல மட்டும் 2020-ல இருந்து பிரைமரிக்கு மாறிட்டாங்க. 2008-ல ஒபாமா, 2016-ல சாண்டர்ஸ்னு காகஸ்ல வந்த கூட்டத்தை கிளாஸ் ரூம் தாங்கல, கார் நிறுத்த இடம் இல்லாம நிறைய பேர் திரும்பிப் போனாங்க. நைட் ஷிஃப்ட் போறவங்க, கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க வர முடியாதுங்கற குறை எப்பவுமே உண்டு. பிரைமரி வந்ததும் நியாயம்தான். ஆனா பக்கத்து வீட்டுக்காரர் எதுக்கு யாரை ஆதரிக்கறாருன்னு அவர் வாயாலயே கேக்கற இடம் பிரைமரியில கிடையாது.

கேள்வி: ரீகன் 49 மாநிலம் ஜெயிச்சப்போ மினசோட்டா மட்டும் தப்பிச்சுதாமே?
(வாசகர், சேலம்)

பதில்: தப்பிச்சது 3,761 ஓட்டுல. 1984, ரீகனை எதிர்த்து அதிபருக்கு நின்ன மொண்டேலோட சொந்த மாநிலம். எலெக்டோரல் ஓட்டு 525-க்கு 13, அந்த 13-ல மினசோட்டா 10, தலைநகர் வாஷிங்டன் 3. அந்தத் தேர்தலை தோல்வியா மட்டும் பாக்கறவங்க ஒண்ணை மறந்துடறாங்க. அந்த ஜூலையில செயின்ட் பால் சட்டசபைக் கட்டடத்துல வச்சு மொண்டேல் ஜெரால்டின் ஃபெராரோவை துணை அதிபர் வேட்பாளரா அறிவிச்சாரு, பெரிய கட்சியில ஒரு பெண்ணுக்கு அந்த இடம் கிடைச்சது அதுதான் முதல் தடவை. அதே மாதிரி 1977-ல துணை அதிபரானப்போ வெள்ளை மாளிகையோட மேற்குப் பகுதியில, அதிபருக்குப் பக்கத்துலயே அவருக்கு ஆபீஸ் குடுத்தாங்க, அதுவரைக்கும் எந்தத் துணை அதிபருக்கும் அப்படி கிடையாது, அந்தப் பதவிக்கு இன்னைக்கு இருக்கிற கனம் அங்க இருந்து வந்தது. 2002-ல செனட்டர் பால் வெல்ஸ்டோன் தேர்தலுக்கு 11 நாள் முன்னாடி விமான விபத்துல இறந்துட்டாரு, கட்சி கேட்டுக்கிட்டதும் 74 வயசுல மொண்டேல் அந்த இடத்துல நின்னு சொற்ப ஓட்டுல தோத்தாரு. பதவிக்காக நின்ன மாதிரி அதை நான் பாக்கல.

கேள்வி: நம்ம குடியரசுத் தலைவர் தேர்தல்ல தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஓட்டுக்கு 176 மதிப்பு. அங்க மாநிலக் கட்சிக்கு அப்படி நேரடி ஓட்டு உண்டா?
(வாசகர், சென்னை-33)

பதில்: எம்.எல்.ஏ.வுக்கு கிடையாது, ஆனா மாநிலக் கட்சிக்கு உண்டுன்னே சொல்லலாம். மினசோட்டாவுக்கு 10 எலெக்டோரல் ஓட்டு. டி.எஃப்.எல். வேட்பாளர் அந்த மாநிலத்தை ஜெயிச்சா, டி.எஃப்.எல். முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வச்சிருக்கிற 10 பேரு டிசம்பர்ல செயின்ட் பால்ல கூடி அதிபருக்கு ஓட்டுப் போடுவாங்க, சட்டப்படி அதுதான் ஓட்டு. 2004-ல ஜான் கெர்ரி அங்க ஜெயிச்சாரு, 10 சீட்டையும் பிரிச்சா 9-ல கெர்ரி, ஒண்ணுல அதிபருக்கு ஜான் எட்வர்ட்ஸ், அதுவும் ஸ்பெல்லிங் தப்பா 'எவர்ட்ஸ்'னு. துணை அதிபர் வேட்பாளர் பேரை இடம் மாத்தி எழுதிட்டாங்க போல, ரகசிய ஓட்டுங்கறதால யாருன்னு தெரியல, யாரும் ஒத்துக்கவும் இல்ல. 252 வரவேண்டிய கெர்ரிக்கு 251-ன்னுதான் வரலாத்துல பதிவாகியிருக்கு. அதுக்கப்புறம் 2015-ல சட்டம் மாத்தினாங்க, மாத்திப் போட்டா அந்த ஓட்டு செல்லாது, ஆளையும் மாத்திடுவாங்க. 2016-ல ஒருத்தர் கிளின்டனுக்குப் பதில் சாண்டர்ஸுக்குப் போடப் பாத்தாரு, உடனே அவர் இடத்துல மாத்து ஆளை உக்கார வச்சு ஓட்டை முடிச்சாங்க. நம்ம ஊர்ல குடியரசுத் தலைவர் தேர்தல்ல கொறடா உத்தரவே போட முடியாது, ஓட்டும் ரகசியம், அந்த வகையில நம்ம எம்.எல்.ஏ.வுக்கு அவங்களை விட சுதந்திரம் ஜாஸ்தி.

கேள்வி: வால்ஸ் நின்னும் ஹாரிஸ் தோத்துட்டாங்களே, அந்தக் கட்சியோட செல்வாக்கு குறையுதா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: மினசோட்டாவுல ஹாரிஸ் சுமார் 4 சதவீத வித்தியாசத்துல ஜெயிச்சாங்க, நாட்டுல தோத்தாங்க. ஆனா உங்க சந்தேகத்துல நியாயம் இருக்கு. 2016-ல ஹிலாரி கிளின்டன் அங்க ஜெயிச்சது வெறும் 44,765 ஓட்டுல. வடக்குல அயர்ன் ரேஞ்ச்னு இரும்புச் சுரங்கப் பகுதி, பின்லாந்து, ஸ்லோவேனியா, இத்தாலின்னு எங்கெங்க இருந்தோ வந்த தொழிலாளிங்க, தலைமுறை தலைமுறையா இந்தக் கட்சிக்குத்தான் ஓட்டு. அந்தப் பகுதி இருக்கிற எட்டாவது நாடாளுமன்றத் தொகுதி 2012-ல ஒபாமாவுக்கு, 2016-ல ட்ரம்புக்கு பெரிய வித்தியாசத்துல போச்சு. சுரங்க வேலை குறைஞ்சுது, செம்பு-நிக்கல் சுரங்கம் புதுசா தோண்டலாமான்னு வந்தப்போ வேலை வேணும்னு சுரங்கத்து ஆளுங்களும், ஏரித் தண்ணி கெட்டுடும்னு நகரத்து ஆளுங்களும் ஒரே கட்சிக்குள்ள எதிரெதிரா நின்னாங்க. ரெண்டு பேருக்கும் காரணம் இருக்கு, கட்சியால ஒரு பதில் சொல்ல முடியல. கிராமப்புறக் கோதுமை, மக்காச்சோள மாவட்டங்களும் கைவிட்டுப் போயிடுச்சு. 2024-ல வால்ஸ் வாத்தியாரா இருந்த மான்கேட்டோ ஊரு இருக்கிற ப்ளூ எர்த் கவுண்டியே ட்ரம்ப் பக்கம் சாஞ்சுது. இப்போ ஜெயிக்க வைக்கறது மினியாபொலிஸ், செயின்ட் பால், அதைச் சுத்தியிருக்கிற புறநகர். பேருல இருக்கிற ஃபார்மர் ஓட்டு போடறது பெரும்பாலும் எதிர்க்கட்சிக்கு.

வாஷிங்டன்ல கட்சியோட பிடி மட்டும் குறையல. 2011-ல இருந்து டி.எஃப்.எல். தலைவரா இருந்த கென் மார்ட்டின் 2025 பிப்ரவரியில டெமாக்ரடிக் கட்சிக்கே தேசியத் தலைவர் ஆயிட்டாரு. மாநிலக் கட்சிங்களுக்கு வருஷம் பூரா பணமும் ஆளும் குடுக்கணும், அதிபர் தேர்தல் வர்ற நாலு மாசத்துக்கு மட்டும் ஆபீஸ் தொறந்துட்டு மூடிடக் கூடாதுங்கறதுதான் அவர் சொல்லி ஜெயிச்சது. அதை அவர் முதல்ல செஞ்சு காட்ட வேண்டிய இடம் அயர்ன் ரேஞ்ச்னு நான் நினைக்கிறேன்.